மணக்கவில்லை, புளிக்கவில்லை, பிறகேன் வாந்தி?

கேள்வி: திருகோணமலை, உப்புவெளியில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாட்டுப் பார்சல் செய்து கொடுக்கிறேன். நான்கு வருடமாக ஒரு குறையும் வந்ததில்லை. வழக்கமாக 20, 25 பார்சல்தான். சென்ற மாதம் ஓர் அலுவலகத்தின் பயிற்சிப் பட்டறைக்கு 90 கேட்டார்கள். மஞ்சள் சோறு, கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், அவித்த முட்டை. அதிகாலை 3 மணிக்குச் சமையலை முடித்து, 5 மணிக்குச் சுடச்சுடக் கட்டி, சூடு காக்கும் ரெஜிபோம் பெட்டிகளில் அடுக்கி, 7 மணிக்கு முச்சக்கர வண்டியில் அனுப்பிவிட்டேன். அவர்கள் சாப்பிட்டது பகல் ஒரு மணிக்கு. மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் 11 பேருக்கு வாந்தி, வயிற்றைப் பிசைதல். காய்ச்சல் இல்லை. இரண்டு பேரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் அன்றிரவே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே சோற்றை நானும் பிள்ளைகளும் காலை 8 மணிக்குச் சாப்பிட்டோம், எங்களுக்கு ஒன்றுமில்லை. சாப்பாடு பழுதான மணமே இல்லை என்று வாந்தி எடுத்தவர்களே சொல்கிறார்கள். மிச்சம் எதுவும் இல்லாததால் கிணற்று நீரை மட்டும் பரிசோதனைக்கு எடுத்தார்கள், அதில் கோலிபோம் என்ற கிருமி இருக்கிறதாம். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. அடுப்படிக்கு மாபிள் பதிப்பதா, கையுறை, தொப்பி வாங்குவதா, சாப்பாட்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதா? கோழியை விட்டு மீனுக்கு மாறினால் நல்லதா? என் அண்ணனுக்குச் சூரை மீன் சாப்பிட்டு ஒருமுறை முகமெல்லாம் சிவந்துபோனது, அதனால் அதற்கும் பயமாக இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது நீங்கள் எழுதியிருக்கும் மணிக்கணக்கு. உணவு நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் இருந்தவன் நான். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் “சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது ஐயா” என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுவார்கள். எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கினீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வாந்தி என்று கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். நீங்கள் கேட்காமலே எழுதிவிட்டீர்கள். விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சாப்பிட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை, இரவுக்குள் சுகம். கிருமி வயிற்றுக்குள் போய்க் குடியேறிப் பெருகிச் செய்யும் வேலைக்கு இந்த நேரம் போதாது. கோழியிலிருந்து வரும் சல்மனெல்லா என்றால் குறைந்தது ஆறு மணி நேரமாவது எடுக்கும், பெரும்பாலும் மறுநாள்தான் காட்டும், காய்ச்சலும் கூடவே வரும். ஆகவே முதலில் கோழியை விடுதலை செய்துவிடலாம். கிணற்றையும்தான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இவ்வளவு சீக்கிரம் வாந்தி என்றால், நஞ்சு சாப்பாட்டிலேயே தயாராக இருந்திருக்கிறது என்று பொருள். பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே கிருமி தன் வேலையை முடித்துவிட்டது.

அப்படிச் செய்யக்கூடியவர்கள் முக்கியமாக இருவர். ஒருவர் பசிலஸ் சீரியஸ். மண்ணில் வாழ்கிற பற்றீரியா இது. நெல்லோடு வயலிலிருந்தே வருகிறது, எவ்வளவு நல்ல அரிசி வாங்கினாலும் கொஞ்சம் இருக்கும். நிலைமை மோசமானால் தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு வித்தியாகிவிடும். சோறு கொதிக்கிற கொதியில் மற்றக் கிருமிகள் எல்லாம் சாகும். இந்த வித்திகள் சாகா, கொதித்த சூட்டில் விழித்துக்கொள்ளும். பானையை இறக்கிச் சூடு தணியும்போது முளைக்கத் தொடங்கும். போட்டிக்கு வேறு கிருமி எதுவும் உயிரோடு இல்லை. முழுச் சோறும் அதற்கே.

மற்றவர் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ். இவர் வயலிலிருந்து வருபவர் அல்லர், நம் மூக்கிலிருந்தும் தோலிலிருந்தும் வருபவர். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்கில் இந்தக் கிருமி சும்மா குடியிருக்கும். விரலில் சீழ்ப்பிடித்த சிறு காயம் இருந்தால் அங்கே கூட்டமாக இருக்கும். 90 முட்டையை அவித்து யாரோ கையால் ஓடு உரித்திருப்பார்கள் அல்லவா? அதிகாலை நேரம், மூக்கைத் துடைத்த கை, பிளாஸ்டர் ஒட்டிய விரல். அவித்த பிறகு தொடுகிற கைதான் இங்கே கணக்கு. அதற்கப்புறம் அந்த முட்டை அடுப்பைப் பார்க்கப் போவதில்லை.

இருவரில் யார் என்பதை மிச்சச் சாப்பாடு இருந்திருந்தால் ஆய்வுகூடம் சொல்லியிருக்கும். ஆனால் உங்களுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: இளஞ்சூடும் நேரமும். இரண்டையும் நீங்கள் அன்று தாராளமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கட்டிய காலை 5 மணிக்கு, ஒரு கிராம் சோற்றில் வெறும் பத்துக் கிருமி என்று வைத்துக்கொள்வோம். இளஞ்சூட்டில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. நீங்களும் பிள்ளைகளும் சாப்பிட்ட 8 மணிக்கு ஆறு முறை இரட்டித்திருக்கும், 640. யாருக்கும் எதுவும் செய்யாத எண். பட்டறையில் பார்சல் பிரித்த ஒரு மணிக்கு பதினாறு முறை இரட்டித்திருக்கும், 6,55,360. கிராமுக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டினாலே நாங்கள் நெற்றியைச் சுருக்குவோம். ஒரே பானை, ஒரே கை, ஒரே சோறு. உங்கள் வீட்டுக்கும் அந்த மண்டபத்துக்கும் நடுவில் இருந்தது ஐந்து மணி நேரம்.

இப்போது அந்த ரெஜிபோம் பெட்டியை நினைத்துப் பாருங்கள். சோற்றைச் சுடச்சுட லஞ்ச் சீட்டில் மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கி, மூடியை அழுத்தி மூடியிருக்கிறீர்கள். நல்லது என்று நினைத்துத்தான் செய்தீர்கள், சூடு போகக் கூடாதே என்று. கன்னியாவுக்குப் போய் வெந்நீர்க் கிணறுகளில் குளித்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் கையைச் சுடாது, உடம்புக்கு இதமாக இருக்கும். பெட்டியின் நடுவில் இருந்த பார்சல்கள் காலை முழுவதும் அந்த இதத்தில்தான் இருந்திருக்கும். நம் உடம்புக்குச் சுகமான சூடு எதுவோ அதுவே இந்தக் கிருமிகளுக்கும் சுகம். கையால் தொட்டால் ‘இன்னும் சூடாக இருக்கிறது’ என்று மகிழ்கிற அந்தச் சூட்டில்தான் அவை மிக வேகமாகப் பெருகுகின்றன. 90 பேரில் 11 பேர் மட்டும் ஏன் என்று கேட்கலாம். ஓரத்தில் இருந்த பார்சல் சீக்கிரம் ஆறியிருக்கும், நடுவில் இருந்தது ஆறியிராது. ஒருவர் முழுதும் சாப்பிட்டிருப்பார், ஒருவர் பாதியை வைத்திருப்பார். அதோடு இது வெப்பமான கச்சான் காற்று வீசும் காலம். மண்டபத்து மூலையில் வைத்த பெட்டி ஆறுவதற்கும் வழியில்லை.

மணத்துக்கு வருகிறேன். சோற்றைப் புளிக்க வைப்பவையும் பிசுபிசுக்க வைப்பவையும் நாற வைப்பவையும் வேறு கிருமிகள். அவை சாப்பாட்டைக் கெடுக்கும், ஆனால் நம்மை எச்சரித்துவிட்டுக் கெடுக்கும். ஒரு வகையில் நேர்மையானவை. பசிலஸ் சீரியஸும் ஸ்டஃபிலோகொக்கஸும் ஆபத்தான அளவுக்குப் பெருகிய பிறகும் மணம், நிறம், சுவை மூன்றும் அப்படியே இருக்கலாம். நுனிநாக்கில் வைத்துப் பார்த்து ‘நல்லது’ என்று சொல்வது பழுதுக்கான சோதனை, நஞ்சுக்கானது அல்ல. புளித்த வாடை அடித்திருந்தால் நீங்களே அத்தனையையும் குப்பையில் கொட்டியிருப்பீர்கள், பதினொரு பேரும் தப்பியிருப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது சொல்வார்கள். ‘சாப்பிடும் முன் மீண்டும் சூடாக்கியிருந்தால் சரியாகியிருக்கும்.’ ஆகியிராது. சூடாக்கினால் கிருமி சாகும், அது உண்டாக்கி வைத்த நஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கும். பசிலஸ் சீரியஸின் வாந்தி நஞ்சு 121 பாகை செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. வீட்டு அடுப்பில் அந்தச் சூடே வராது. ஸ்டஃபிலோகொக்கஸின் நஞ்சும் அரை மணி நேரக் கொதியைத் தாங்கும். பிரித்தானியாவில் 1970களில் சீனச் சாப்பாட்டுக்கடைகளின் பொரித்த சோற்றைச் சாப்பிட்டுப் பலர் வாந்தியெடுத்ததைத் தொடர்ந்துதான் இந்தச் சங்கதி உலகத்துக்கு விளங்கியது. முதல்நாள் அவித்த சோற்றைக் குவியலாக வெளியே வைத்துவிட்டு, மறுநாள் நெருப்புப் பறக்கும் தாச்சியில் பிரட்டிக் கொடுத்திருந்தார்கள்.

இன்னொருவர் சொல்வார்: ‘நாங்கள் பழஞ்சோறு தின்று வளர்ந்தவர்கள், எங்களுக்கு என்ன வந்தது?’ என் அம்மாவும் இதையே சொல்வார். பழஞ்சோற்றில் நடப்பது வேறு. சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றுகிறோம், குவியல் சூடு போய்விடுகிறது, இலற்றிக் அமிலம் உண்டாக்கும் பற்றீரியாக்கள் தண்ணீரைப் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏற ஏறப் பசிலஸ் சீரியஸுக்கு வளர இடமில்லாமல் போகிறது. தம்பலகாமத்துச் சட்டித் தயிர் தெருவோரத்தில் வெயிலில் இருந்தும் அவ்வளவு சுலபமாக ஆளைக் கவிழ்க்காததற்கும் இந்தப் புளிப்புத்தான் பெரிய காரணம். உங்கள் பார்சல் சோற்றில் புளிப்பு இல்லை, தண்ணீர் இல்லை, ஆறவும் விடவில்லை. தண்ணீர் ஊற்றும் முன்பே நாள் முழுக்கச் சூடாகக் கிடந்த சோற்றைப் பழஞ்சோறாக்கினாலும் ஆபத்துத்தான் என்பதை அம்மாவிடம் இன்னும் என்னால் ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை.

இனிக் காசு விஷயம். மாபிளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கழுவக்கூடிய தரையும் மூடக்கூடிய குப்பைத் தொட்டியும் இருந்தால் போதும், மாபிள் ஒரு கிருமியையும் கொன்றதில்லை. கையுறையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பான அபிப்பிராயம் உண்டு. போட்ட கையுறையோடு காசு வாங்குவார்கள், கைபேசியைத் தட்டுவார்கள், வியர்வையைத் துடைப்பார்கள், பிறகு அதே கையால் முட்டையை எடுத்து வைப்பார்கள். வெறுங்கை என்றால் பிசுபிசுப்புத் தெரிந்தாவது கழுவத் தோன்றும். சவர்க்காரம் போட்டு இருபது வினாடி கழுவிய கை போதும். கையில் காயமோ கொப்புளமோ உள்ளவர் அன்று வெங்காயம் உரிக்கட்டும், பாத்திரம் துலக்கட்டும். சமைத்து முடிந்ததைத் தொட வேண்டாம். வயிற்றோட்டம் உள்ளவர் அடுப்படிக்கே வர வேண்டாம்.

வாங்க வேண்டியது ஒரு வெப்பமானி. உணவுக்குள் குத்திப் பார்க்கும் கம்பி உள்ள, எண் காட்டும் சின்னக் கருவி. வாங்கியதும் அதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, கம்பியை நடுவில் பிடித்தால் பூச்சியத்தில் நிற்க வேண்டும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் 100ஐக் காட்ட வேண்டும். நாம் கடல்மட்டத்தில் இருப்பதால் இந்தக் கணக்குப் பிசகாது. ஒன்றிரண்டு பாகை கூடக் குறைய இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பானையில் குத்துவதற்கு முன்பும் பின்பும் கம்பியைக் கழுவித் துடைக்க வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டுதான்: 60, 5. சமைத்த சாப்பாடு 60 பாகைக்கு மேலே இருக்கலாம், அல்லது 5 பாகைக்குக் கீழே இருக்கலாம். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் வீட்டுச் சமையலுக்குச் சொல்லும் கணக்கும் இதுவே. ஆகவே உங்கள் நேரசூசியைப் பின்னாலிருந்து எழுதுங்கள். ஒரு மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்றால், பதினொன்றரைக்கு முன் கட்டக் கூடாது. அதிகாலையில் காய்கறி வெட்டலாம், வெங்காயம் வதக்கலாம், மசாலா அரைக்கலாம். கறிகளை ஒன்பதரைக்கு மேல் அடுப்பேற்றி, இறக்காமல் சிறு தீயில் வைத்திருங்கள். சோறு கடைசியாக, பத்தரை மணிக்கு. பானையை மூடியே வைத்து, கட்டும்போது நடுவில் குத்திப் பாருங்கள், 60க்கு மேல் நிற்க வேண்டும். முட்டையைக் கட்டும் நேரத்தில் உரியுங்கள். தேங்காய்ச் சம்பல் கொடுப்பதானால் அதையும் கடைசி அரை மணியில் இடியுங்கள். அது பச்சை, அடுப்பைக் காணாதது.

‘காலை ஏழு மணிக்கே வேண்டும்’ என்று அடம்பிடிக்கிறவர்களுக்குப் பார்சல் கொடுக்காதீர்கள். சோற்றையும் கறியையும் சூடு காக்கும் பெரிய பாத்திரங்களில் மதியம் கொண்டுபோய் அங்கேயே பரிமாறுவதாகச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் அந்த வேலை வேண்டாம். ஓர் அடுப்பில் 25 பேருக்கு ஒன்றரை மணி நேரத்தில் சமைக்கிற உங்களால் 90 பேருக்கு அதே நேரத்தில் சமைக்க முடியாது. அதனால்தானே அன்று இரவோடிரவாகத் தொடங்கினீர்கள்? உங்கள் அடுப்புக்கு ஒரு அளவு இருக்கிறது. அதற்குமேல் வருவதை இன்னொரு சமையல்காரரோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வுகூடத்துக்கு மாதாமாதம் சாப்பாடு அனுப்பத் தேவையில்லை. இன்று கட்டிய பார்சல் நன்றாக இருந்தது என்று அறிக்கை சொல்லும், நாளையதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் ஒரு பார்சலைத் திகதியும் நேரமும் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் மூன்று நாள் வைத்திருந்து பிறகு எறியுங்கள். உறைய வைக்க வேண்டாம், உறைந்தால் சில கிருமிகள் செத்து உண்மை மறைந்துபோகும். மறுபடி ஒரு முறைப்பாடு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அந்தப் பார்சலைக் காட்டலாம். இந்த முறை உங்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை, அதனால்தான் பழி கிணற்றின் தலையில் விழுந்தது. பரிசோதகரைக் கண்டு ஒளிய வேண்டாம் என்றும் சொல்லிவைக்கிறேன். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டிலிருந்து விற்பவருக்கும் பொருந்தும். அடுப்படியை ஒருமுறை வந்து பார்க்கும்படி நீங்களே அழைத்தால் பாதிப் பயம் போய்விடும்.

கிணறு. அறிக்கையில் மொத்தக் கோலிபோம், ஈ.கோலை என்று இரண்டு வரிகள் இருக்கும். கோலிபோம் மண்ணிலும் இலைதழையிலும்கூட உண்டு, திறந்த கிணற்றில் அது இருப்பது அதிசயமில்லை. ஈ.கோலை என்ற வரியைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலம் கலந்திருக்கிறது. உப்புவெளி மணலில் அடுத்த வளவுக் கழிவறைக் குழியிலிருந்து உங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் வருவதற்கு அதிக நாள் எடுக்காது. கிணற்றைச் சுற்றிக் கட்டும், மேலே மூடியும் போட்டு, குளோரின் இட்டு, அரை மணி கழித்து லீற்றருக்கு அரை மில்லிகிராம் மிச்சக் குளோரின் நிற்கிறதா என்று பரிசோதகரைக் கொண்டு பார்ப்பியுங்கள். அதுவரை குடிக்கவும், சலாது கழுவவும், சம்பல் அரைக்கவும் கொதித்தாறிய நீர். அன்றைய வாந்திக்கு இந்தக் கிணறு காரணமில்லை என்றேன். வேறொரு நாளின் வயிற்றோட்டத்துக்குக் காரணமாகலாம்.

மீனுக்கு மாறுவதால் சோற்றின் பிரச்சினை தீராது, அதோடு இன்னொன்று சேரும். உங்கள் அண்ணனுக்கு வந்தது ஒவ்வாமையாக இல்லாமல் இருக்கலாம். வாழ்நாள் முழுக்கச் சூரை சாப்பிட்டவருக்கு ஒரே ஒரு நாள், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, நாக்கில் மிளகு கடித்ததுபோல் எரிந்திருந்தால் நான் முதலில் ஹிஸ்டமினைத்தான் சந்தேகிப்பேன். சூரை, கும்பளா போன்ற கருஞ்சதை மீன்களைப் பிடித்த கையோடு ஐஸில் போடாவிட்டால், அவற்றின் சதையில் பற்றீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். பிறகு ஐஸில் போட்டாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, குழம்பில் கொதிக்க வைத்தாலும் போகாது. சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் இதற்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. மீனைச் சந்தையில் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கும் நம் வழக்கம் நல்லதே, ஆனால் ஹிஸ்டமின் செவுளில் தெரியாது. ஐஸ் நிறைந்த பெட்டியிலிருந்து எடுத்துத் தருபவரிடம் வாங்குங்கள், பலகையில் வெயில் காய்ந்ததை எவ்வளவு மலிவு என்றாலும் விடுங்கள். வீட்டுக்கு வரும் வழிக்கும் ஒரு பொதி ஐஸ் கொண்டுபோங்கள்.

வெப்பமானி வாங்கியதும் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்: கட்டும்போது ஒரு தடவையும், நீங்களே எடுத்து வைத்த ஒரு பார்சலில் பகல் ஒரு மணிக்கு இன்னொரு தடவையும் குத்தி, இரண்டு எண்களையும் நாட்காட்டியில் எழுதுங்கள். ஏழு நாள் எண்களையும் கிணற்று அறிக்கையின் ஈ.கோலை வரியையும் எனக்கு அனுப்பினால், எத்தனை பார்சல் வரை உங்கள் அடுப்புத் தாங்கும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.